நான் படிக்காத மூன்றாம் தாள்

பணி ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படி உட்கார்ந்து வேலைக் காலத்தை எழுதுவார்கள். எனக்கு வயது முப்பத்து மூன்று. ஆனாலும் என்னை வழியனுப்பிய அன்று, ஓய்வு பெறுகிறவர்களுக்குச் செய்வதையெல்லாம் வார்டில் செய்தார்கள். சாமந்தி மாலை போட்டார்கள், சமோசா வாங்கினார்கள், ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று கொடுத்தார்கள். "தீதி, எப்ப வேணா திரும்பி வாங்க. குக்கரைத் திருப்பிக் கேக்க மாட்டோம்," என்றாள் ரேஷ்மா. எனக்கு அடுத்துச் சேர்ந்த நர்ஸ் அவள்; அக்கா என்பதை இந்தியில் தீதி என்பாள்.

மகனுக்கு அப்போது நான்கு மாதம். கணவருக்கு விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. தலைநகரில், துவாரகாவில் எங்கள் ஃபிளாட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. வேலையை விட்டது சரிதான் என்று காலையில் தோன்றும். மதியம் அவனைத் தூங்க வைக்கும்போது தப்பு என்று தோன்றும். இப்போது அவனுக்குப் பதினொரு மாதம் ஆகிறது. நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

போன வாரம் ரேஷ்மா அழைத்தாள். எங்கள் மகப்பேறு, பெண்கள் நோய் வார்டில், வீட்டுக்குப் போகிற பெண்களிடம் நர்ஸ் பேசும் டிஸ்சார்ஜ் பேச்சை நிறுத்தப் போகிறார்களாம். ஒவ்வொரு படுக்கைக்கு மேலும் ஒரு கியூஆர் கோடு ஒட்டுவார்கள். போனைக் காட்டினால் நாற்பது நொடி வீடியோ ஓடும். ஆபரேஷனுக்குப் பிறகு மாதவிடாய் எப்போது திரும்பும் என்பதைப் பற்றி, நான்கு மொழிகளில்.

"தமிழுக்கு உங்க குரல்தான் வேணும் தீதி. வீட்டுல இருந்தே பேசி அனுப்புங்க. போதும்."

போனை வைத்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுதினால் வெட்கமாக இருக்கும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று, வார்டில் பேசுகிற குரலில் இரண்டு வாக்கியம் பேசிப் பார்த்தேன். அந்தக் குரலை ஏழு மாதமாக நான் கேட்டிருக்கவில்லை. அதன் பிறகுதான் என் பழைய நோயாளி பச்சையம்மாவின் ஞாபகம் வந்தது. அவளைப் பற்றிச் சொல்லாமல் அந்த நாற்பது நொடியைப் பற்றி எழுத முடியாது.

என் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா அரசு ஊழியர். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். பத்தாவது வரை தமிழ்ப் பள்ளி. நான்கு வருடம் நர்சிங் படித்துவிட்டு, இருபத்து மூன்றாவது வயதில் அந்த வார்டுக்குள் போனேன். கற்றுக்கொண்டேன் என்று சொல்லத்தக்கதெல்லாம் அதற்குப் பிறகு, பிமலா சிஸ்டரிடம் கற்றதுதான்.

பிமலா சிஸ்டர் எங்கள் வார்டு இன்சார்ஜ். கடுவால் மலைப்பக்கத்துக்காரர். உரக்கப் பேசிக் கேட்டதில்லை. தப்புச் செய்தவர்களை அருகில் அழைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கும்போது நம் தப்பு நமக்கே தெரிந்திருக்கும்.

டிஸ்சார்ஜ் பேச்சு அவர் கொண்டுவந்த பழக்கம். வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணிடமும் பத்து நிமிடம். கட்டில் ஓரத்தில் உட்காரக் கூடாது, நின்றுகொண்டு பேசவே கூடாது. அதற்கென்று வார்டில் ஒரு குட்டை முக்காலி உண்டு. அதில் உட்கார்ந்தால் கட்டிலில் இருப்பவள் நம்மைக் குனிந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். "அவள் உன்னைக் கேள்வி கேட்கணும் என்றால் அவள் கண் மேலே இருக்கணும், பேட்டா," என்பார், மகளே என்று அழைக்கிற மாதிரி. கையில் ஃபைல் இருக்க வேண்டும். ஃபைலில் முதல் தாள் சேர்க்கைச் சீட்டு, இரண்டாவது ஒப்புதல் படிவம், மூன்றாவது ஆபரேஷன் குறிப்பு. அந்த மூன்றாம் தாளைப் படித்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். "அட்டையில் இருப்பது என்ன செய்யப் போனோம் என்பது. மூன்றாம் தாளில் இருப்பது என்ன செய்தோம் என்பது."

அடுத்தது மாதவிடாய். இதைக் கேட்கப் பெண்கள் கூச்சப்படுவார்கள், ஆகவே நாமே தொடங்க வேண்டும். கரு கலைந்து கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தவளுக்கு நான்கிலிருந்து ஆறு வாரம். எட்டு வாரமாகியும் வரவில்லை என்றால் வார்டுக்கு வர வேண்டும். சிசேரியன் ஆனவளுக்கு முதலில் சில வாரம் இருக்கும் போக்கு மாதவிடாய் அல்ல. தாய்ப்பால் கொடுக்காவிட்டால் பெரும்பாலும் ஆறு எட்டு வாரத்தில் திரும்பும். கொடுத்தால் மாதக் கணக்கில் தள்ளிப் போகலாம். அது வராமலேயே மறுபடி கரு தரிக்கவும் கூடும். கர்ப்பப்பையை எடுத்தவளுக்கு இனி வராது. ரத்தம் பட்டால் அன்றைக்கே ஓடி வர வேண்டும். எல்லாம் சொல்லி முடித்ததும் பாக்கெட் காலண்டரில் ஒரு தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுப்போம். கடைசியாக, நாம் சொன்னதை அவள் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

'வந்துவிடும், கவலைப்படாதே' என்று மட்டும் சொல்லவே கூடாது. "வருமா வராதா என்பது உனக்கு எப்படித் தெரியும்? எந்தத் தேதி வரை காத்திருக்கணும், அதைத் தாண்டினால் யாரிடம் வரணும். அது மட்டும்தான் உனக்குத் தெரியும்," என்பார் பிமலா சிஸ்டர்.

வட்டமிட்ட அந்தத் தேதிகளுக்காகப் பெண்கள் எப்படிக் காத்திருப்பார்கள் என்பதை வார்டில் இருந்தபோதுதான் அறிந்தேன். ஒருமுறை சோனிபத்திலிருந்து ஒரு மாமியார் இரண்டு கிலோ ஜிலேபியோடு வந்து நின்றார். மருமகளுக்கு மூன்று மாதமாக வராமல் இருந்து, உள்ளே ஒட்டியிருந்த தழும்பைப் பிரித்துவிட்ட பிறகு முதல் முறையாக வந்துவிட்டதாம். "எதுக்கு ஸ்வீட்டுன்னு வாட்ச்மேன் கேட்டான். மருமக தூரமாயிட்டான்னு சொன்னேன். ஓடியே போயிட்டான்!" என்று அவர் இந்தியில் சொல்லிச் சிரித்தபோது பிமலா சிஸ்டரும் சிரித்தார். சர்க்கரை வியாதிக்காரர், அன்று இரண்டு ஜிலேபி தின்றார்.

பச்சையம்மா எங்கள் வார்டுக்கு வந்தபோது அவளுக்கு இருபத்து நான்கு வயது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர். கணவர் ஏழுமலை கட்டடங்களில் டைல்ஸ் ஒட்டுகிறவர். அவள் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதல் பிரசவம், பெண் குழந்தை. நான் ஒரு வாரம் விடுமுறையில் இருந்துவிட்டுத் திரும்பிய அன்று அவளுக்கு டிஸ்சார்ஜ். ஒரே காலையில் ஒன்பது டிஸ்சார்ஜ்.

"தமிழ்க்காரி ஒருத்தி இருக்கிறாள், போ, உன் ஆள்," என்றார்கள். சந்தோஷமாகப் போனேன். ஃபைலின் அட்டையில் சிசேரியன் என்று இருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எந்த ஊரும்மா?" என்று கேட்டேன். அவள் முகம் அப்படியே மலர்ந்தது.

"அய்யோ, தமிழா நீங்க! இத்தினி நாளா எங்க சிஸ்டர் இருந்தீங்க? ஊமை மாதிரி படுத்துக் கெடந்தேன்."

ஊர்ப் பேச்சு, குழந்தையின் மூக்கு யார் ஜாடை என்கிற பேச்சு. ஃபைல் என் மடியில் மூடியே இருந்தது. பிறகு பேச்சைத் தொடங்கினேன். அன்று மிக நன்றாகப் பேசினேன். அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. இந்தியில் பேசும்போது வருகிற தடங்கல் ஒன்றும் இல்லாமல், அக்கா தங்கையிடம் சொல்வதுபோலச் சொன்னேன். பால் கொடுக்கும்வரை வராமல் இருக்கலாம். பாலை நிறுத்தி இரண்டு மாதமாகியும் வராவிட்டால் என்னைத் தேடி வா. கடைசியில், சொல்லக் கூடாததையும் சொன்னேன். "அதெல்லாம் வந்துடும்மா. கவலைப்படாதே."

அவள் திருப்பிச் சொன்னாள், ஒரு வார்த்தை பிசகாமல். ஏழுமலை பையைத் தூக்கிக்கொண்டு கட்டில் ஓரத்தில் நின்றிருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு முற்பகலில் பச்சையம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வார்டு வாசலில் நின்றாள். "தமிழ் சிஸ்டரைப் பாக்கணும்" என்று எல்லோரிடமும் தமிழிலேயே சொல்லியிருக்கிறாள்.

"பால நிறுத்தி மூணு மாசம் ஆச்சி சிஸ்டர். இன்னும் வரல. நீங்க ரெண்டு மாசம்னு சொன்னீங்க. நான் ஒரு மாசம் சேத்தே பாத்தேன்." தோள்பையைத் திறந்து காட்டினாள். உறை பிரிக்காத ஒரு பேட். "வேலை செய்யற வூட்டுல திடீர்னு ஆயிட்டா அசிங்கமாப் போயிடும்னு தெனமும் எடுத்துக்கிட்டே போறேன். மாசா மாசம் மாரு கனக்குது, இடுப்பு இழுக்குது. வர்ற மாதிரியே இருக்குது. வரத்தான் மாட்டேங்குது."

"வேற ஒண்ணும் இல்லியே? மறுபடி உண்டாயிருக்கப் போறே," என்று நான் விளையாட்டாகக் கேட்டேன். அதையும் கேட்டேன்.

"ஆயிருந்தா ஜிலேபி வாங்கியாந்திருப்பேனே!" என்று அவள் சிரித்தாள். "இவளுக்கு ஒரு தம்பிப் பாப்பா வேணும் சிஸ்டர். அதுக்குத்தான இந்தப் பாடு."

சிறுநீர்ப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிவிட்டு, பழைய ஃபைலை ரெக்கார்ட் அறையிலிருந்து வரவழைத்தேன். கவுண்டரில் நின்றபடியே திறந்தேன். முதல் தாள். இரண்டாம் தாளில் ஏழுமலையின் கையெழுத்து, ஒன்றல்ல, இரண்டு. மூன்றாம் தாள். சிசேரியனுக்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. மருந்து, தையல், எதற்கும் நிற்கவில்லை. உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பை அகற்றப்பட்டது. சினைப்பைகள் அகற்றப்படாமல் அப்படியே விடப்பட்டன. அவள் மாரும் இடுப்பும் மாதாமாதம் எதற்காகக் கனத்தன என்பது அந்தக் கடைசி வரியில் இருந்தது.

பிமலா சிஸ்டர் அருகில் வந்து, என் கையிலிருந்த தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்று எந்தத் தாளைப் படித்தாய்?"

"அட்டையை."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாகியிருக்கும். டாக்டருக்குப் போன் செய்தார். ஏழுமலையை வேலையிடத்திலிருந்து வரச் சொன்னார். பிறகு என்னிடம் சொன்னார்: "என்ன ஆபரேஷன் என்பதை டாக்டர் சொல்லுவார், நீ தமிழில் சொல்லு. அது மொழிபெயர்ப்பு. அதற்குப் பிறகு உன் தப்பை நீ சொல்லணும். 'எங்களிடம் ஒரு தவறு நடந்துவிட்டது' என்று ஆரம்பிக்காதே. உன் பெயரில் சொல்லு."

ஏழுமலை சிமெண்ட் படிந்த கையோடு வந்தார். டாக்டர் அறையில் நாங்கள் ஐந்து பேர், குழந்தையோடு ஆறு. இந்தத் தடவை முக்காலி இல்லை. நான் தரையில் குந்தினேன். டாக்டர் சொல்லச் சொல்லத் தமிழில் சொன்னேன். பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"அன்னிக்கு நான் உன் ஃபைலைப் படிக்கல பச்சையம்மா. படிக்காமலே வந்துடும்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது. நீ இத்தனை மாசம் காத்திருந்தது என்னாலதான்."

அவள் முதலில் என்னைப் பார்க்கவில்லை. கணவர் பக்கம் திரும்பினாள். "ஒனக்குத் தெரியுமா?"

ஏழுமலை கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "டாக்டரு அன்னிக்கே சொன்னாரு. இந்தியில சொன்னாரு, புரியாம இல்ல. வூட்டுக்குப் போயி மெதுவா சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இவங்க வந்து தமிழ்ல, வந்துடும்னாங்க." என்னைப் பார்த்தார். "எனக்கு நம்பணும்போல இருந்துச்சி சிஸ்டர். அந்த டாக்டரு வேற யாரையோ பத்திச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சிக்கிட்டேன்."

அறையில் குழந்தை மட்டும் டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பை இழுத்துக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட இருந்தத எங்க சிஸ்டர் போட்டீங்க?" என்று பச்சையம்மா கேட்டாள்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. பரிசோதனைக்கு அனுப்பும் முறை, அதன் பிறகு அகற்றும் முறை எல்லாம் தெரியும்.

"நீங்கல்லாம் படிச்சவங்கதான?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. எழுந்து, பையிலிருந்த பேட்டை எடுத்து என் கையில் வைத்தாள். "இந்தாங்க. ஒங்களுக்காவது ஆவும்."

அன்று மாலை நடந்ததை நானே என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். விசாரணை நடந்தது, கண்டிப்புக் கடிதம் வந்தது. மூன்றாம் தாளைப் படித்தவர் அதன் ஓரத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற வழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தப் பேட்டை லாக்கரில் வைத்தேன். தூக்கிப் போட முடியவில்லை.

அவள் இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"அந்தத் தாளுல இருக்கறத முழுசா எழுதிக் குடுங்க. ஒரு வரி விடாம."

எழுதினேன். ஒவ்வொரு ஆங்கில வார்த்தைக்கும் தமிழ் தேடி, இரண்டு பக்கம். அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். "இவ நாளைக்கு இந்தி ஸ்கூலுக்குத்தான் போவா. இவளுக்குப் புரியற மாதிரி இந்தியிலயும் எழுதுங்க. எங்கம்மாவுக்கு என்ன ஆச்சின்னு இவ ஒருநாள் படிக்கணும்." இந்தியிலும் எழுதினேன். பிமலா சிஸ்டர் இரண்டையும் சரிபார்த்துக் கையெழுத்திட்டார். அந்தக் காகிதத்தின் பின்புறம் என் போன் நம்பரையும் எழுதினேன். ஒவ்வொரு வருடமும் மகளின் பிறந்த நாளில் பச்சையம்மா அழைப்பாள். இரண்டு நிமிடம் பேசுவாள். மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை.

என் சிசேரியனுக்குப் பிறகு, மயக்கம் தெளிந்ததும் நான் முதலில் கேட்டது குழந்தையை, இரண்டாவது ஃபைலை. அதே வார்டு, என் தோழிகள். "பைத்தியமா தீதி?" என்று ரேஷ்மா சிரித்தாள், ஆனாலும் காட்டினாள். மூன்றாம் தாளில் எல்லாம் சரியாகவே இருந்தது. எனக்கும் இன்னும் வரவில்லை. பால் கொடுக்கிறேன், வராதது இயல்பு; இதை எத்தனையோ பேருக்குச் சொன்னவள் நான். ஆனால் குளிக்கும்போது தழும்பைத் தொட்டால், அந்தத் தாளை இன்னொரு முறை பார்த்தால் என்ன என்று தோன்றுகிறது. எதற்காக இப்படி ஏங்குகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டாவது குழந்தைக்கு அல்ல. காலையில் சீருடை போட்டுக்கொண்டு மெட்ரோவில் ஏறுகிற அந்தப் பழைய உடம்பு திரும்பி வர வேண்டும் என்றுதான்.

ரேஷ்மா அனுப்பிய வாசகங்களை முந்தாநாள் பேசிப் பதிவு செய்தேன். மகன் தூங்கிய நேரத்தில், அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. 'ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் மாதவிடாய் சில வாரங்களில் அல்லது மாதங்களில் இயல்பாகத் திரும்பிவிடும். கவலை வேண்டாம்.' மூன்றாவது தடவையில் சரியாக வந்தது. வார்டுக்கு அனுப்பும் முன்பு பச்சையம்மாவுக்கு அனுப்பினேன். அனுப்பிய மறு நிமிடம், ஏன் அனுப்பினோம் என்று பதறினேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டதைக் காட்டும் இரண்டு நீலக் கோடு போனில் விழுந்துவிட்டது.

மதியம் மூன்று மணிக்கு அவளுடைய குரல் செய்தி வந்தது. பின்னால் பாத்திரச் சத்தம். ஏதோ ஒரு வீட்டின் சமையலறை.

"கேட்டேன் சிஸ்டர். நல்லாத்தான் சொல்றீங்க. அன்னிக்கும் இப்படித்தான் சொன்னீங்க." குழாயை மூடும் சத்தம். "கேட்டுட்டு எனக்கே இந்த மாசம் வந்துடும்போல இருக்குது."

அந்தப் பதிவை அழித்தேன். மகன் எழுந்து அழுதான். அவனை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே வேறொன்று பேசினேன். 'வணக்கம். இந்த வீடியோவை இங்கேயே நிறுத்துங்கள். உங்கள் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். உங்கள் ஃபைலின் மூன்றாம் தாளைப் படித்து, உங்களுக்கு என்ன ஆபரேஷன் நடந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். கர்ப்பப்பை இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். அதற்குப் பிறகு மீதியைக் கேட்கலாம்.' அதன் பின்னணியில் மகன் பால் குடிக்கும் சத்தம் கேட்கிறது. மறுபடி எடுக்கவில்லை.

ரேஷ்மா நேற்றுப் பதில் போட்டாள். "தீதி, வீடியோவை நிறுத்தச் சொல்ற வீடியோவா? மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க. பழைய மாதிரியே பேசி அனுப்புங்க, ப்ளீஸ்."

போனில் சொன்னால் நடக்காது. பிமலா சிஸ்டர் ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நாளை காலை கணவர் ஷிப்டிலிருந்து வந்ததும் நான் அவரைப் பார்க்க வார்டுக்குக் கிளம்புகிறேன். பால் குடிக்கிறவன், மகனையும் தூக்கிக்கொண்டு போவேன். என் மாற்றுத் துணி, அவனுடைய துணி, தண்ணீர் எல்லாம் பையில் வைத்தாகிவிட்டது. டயப்பர்களுக்கு அடியில், லாக்கரைக் காலி செய்தபோது எடுத்துவந்த அந்தப் பேட்டும் இருக்கிறது. வார்டில் அதை மேசைமேல் எடுத்து வைக்க வேண்டியிருக்கலாம். வழியில் எனக்கே தேவைப்பட்டாலும் படலாம்.